காலிக் கட்டடத்தில் முந்நூறு பேர்

அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் ஆளே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க வந்த நால்வரையும் ஒவ்வொரு மாடிக்கும் ஏற்றிக்கொண்டு போனவர் லிஃப்ட்காரர்தான்.

போதிய அளவு பயன்படாமல் கிடக்கும் அரசு அலுவலகக் கட்டடங்களை விற்றுவிடுவது என்று எங்கோ ஒரு கூட்டத்தில் முடிவாகியிருந்தது. எது பயன்படுகிறது, எது படவில்லை என்று பார்க்கத்தான் இந்த நால்வரும் வந்திருந்தார்கள். ஒருவர் கையில் அளவு நாடா இருந்தது. இன்னொருவர் கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஏறும் ஒரு சிறு கருவியை வைத்திருந்தார். மூன்றாமவர் படிவக் கட்டைச் சுமந்துகொண்டிருந்தார். நான்காமவர் கையில் எதுவும் இல்லை. ஆகவே அவர்தான் அதிகாரி என்று லிஃப்ட்காரர் புரிந்துகொண்டார்.

முதல் மாடியில் முன்பு பிறப்புச் சான்றிதழ் தருகிற அலுவலகம் இருந்தது. ஐந்து வருடங்களுக்கு முன்பே வேறு இடத்துக்குப் போய்விட்டது. நால்வரும் உள்ளே போனார்கள். லிஃப்ட்காரர் தன் முக்காலியில் உட்கார்ந்தபடி கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். மாடியில் ஆட்கள் இருக்கும்போது லிஃப்டை விட்டு இறங்கக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த அன்று அவருக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"நாற்காலி ஐம்பத்தெட்டு. ஆள் பூஜ்யம்."

இரண்டாம் மாடியிலும் அப்படியே. மூன்றிலும் நான்கிலும் அப்படியே. ஆறாம் மாடியில் ஒரு நாற்காலியின் முதுகில் யாரோ மறந்துவிட்டுப் போன கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஆளாகக் கொள்ளலாமா என்று பத்து நிமிடம் விவாதித்து, சட்டைக்குள் யாரும் இல்லாததால் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எல்லாம் முடிந்து தரைத்தளத்துக்கு இறங்கும்போது அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னதைப் படிவக்காரர் எழுதினார். மொத்த நாற்காலிகள் நானூற்றுப் பன்னிரண்டு. மொத்தப் பயன்பாடு பூஜ்யம்.

லிஃப்ட்காரர் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"சார், நான் இருக்கேனே."

அதிகாரி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. நிஜமான அக்கறைதான் இருந்தது.

"நீங்க எந்த மாடி?"

"எல்லா மாடியும்தான் சார்."

"படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லையே," என்று அதிகாரி வருந்தினார். படிவக்காரரும் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார்.

அன்று மதியம் சாப்பிட மேலே போனபோது லிஃப்ட்காரர் இதை ஒரு வேடிக்கையாகத்தான் மனைவியிடம் சொன்னார். மேலே என்றால், ஏழாம் மாடியிலிருந்து ஓர் இரும்பு ஏணி ஏறினால் மொட்டை மாடி. அங்கே லிஃப்டின் இயந்திர அறை. அதன் சுவரை ஒட்டி ஒன்றரை அறை. இயந்திரம் அடிக்கடி மக்கர் செய்துகொண்டிருந்த காலத்தில், அதைத் தட்டிக்கொடுக்க ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அப்போதைய பொறியாளர் ஒருவர் வாயால் சொல்லிக் கொடுத்த வீடு அது. காகிதம் எதுவும் கிடையாது. இருபத்திரண்டு வருடங்களாக அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். லிஃப்ட் கிளம்பினால் அலமாரியில் டம்ளர்கள் மெல்ல ஆடும். அந்த ஆட்டத்தை வைத்தே அவர் எத்தனையாவது மாடியில் இருக்கிறார் என்று அவர் மனைவி சொல்லிவிடுவார். மனைவி கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். தண்ணீர்த் தொட்டிக்கும் இயந்திர அறைக்கும் நடுவில் கட்டியிருந்த கொடியில் எப்போதும் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

மனைவி கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தையல் மெஷினை நிறுத்தினார்.

"யாரும் இல்லாத கட்டடத்தை வித்துடுவாங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்போ நம்ம வீடு?"

லிஃப்ட்காரர் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. சம்பளத்தைப் பற்றி யோசித்திருந்தார், அதற்கு ஆபத்தில்லை என்று தோன்றியிருந்தது. அவருடைய சம்பளம் ஆள் கணக்கில் வருவதில்லை. 'கயிறு, கிரீஸ், இதர' என்ற தலைப்பில் லிஃப்ட் பராமரிப்போடு சேர்ந்து வருவது. அதில் அவர் இதர. லிஃப்ட் ஓடும்வரை இதரவும் ஓடும். ஆனால் விற்றவர்கள் வீட்டை வாங்கியவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் எதற்காக மொட்டை மாடியில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளப் போகிறார்?

"போய் எழுதிக் கொடுங்க," என்றார் மனைவி. "நாம ரெண்டு பேரும் இங்க இருக்கோம்னு. ஒரு ஆள் இருந்தாலும் பூஜ்யம் பூஜ்யம் இல்லையே."

பத்து நாளில் வாசல் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இந்தக் கட்டடம் குறைந்த பயன்பாடுடையது என்று அறிவிக்கப்படுவதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் குறைபயன் கட்டட விற்பனை வாரியத்தை நேரில் அணுகலாம் என்றும் அதில் இருந்தது. கீழே வாரியத்தின் முகவரி. லிஃப்ட்காரர் அதை மூன்று முறை படித்தார். இதே தெரு, இதே கதவு எண், மூன்றாம் மாடி.

மறுநாள் காலை பதினான்கு பேர் மேசைகளோடு வந்து இறங்கினார்கள். வாரியத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. இருக்கிற கட்டடங்களையெல்லாம் விற்பதற்காக ஆரம்பிக்கப்பட்ட வாரியம் தனக்கென ஒன்றைக் கேட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்து, காலியாக இருப்பதாகச் சான்று பெற்ற இந்தக் கட்டடத்திலேயே தற்காலிகமாக உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அன்று கணக்கெடுக்க வந்த அதிகாரிதான் அதன் இயக்குநர்.

வந்தவர்கள் நாற்காலிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். மாடியில்தான் வேண்டிய நாற்காலிகள் கிடக்கின்றனவே என்று லிஃப்ட்காரர் கேட்டார். அவை கணக்கில் ஏறியவை என்று ஒரு எழுத்தர் விளக்கினார். காலி நாற்காலி என்று எழுதப்பட்ட ஒன்றில் யாராவது உட்கார்ந்துவிட்டால் அறிக்கை பொய்யாகிவிடும். ஆகவே பழைய நாற்காலிகளில் ஒருவரும் உட்காராமல் இருக்க, அவற்றைத் தலைகீழாக அடுக்கிக் கயிறு கட்டினார்கள். அடுக்கியது போக மிஞ்சிய இடத்தில் புதிய நாற்காலிகள் போடப்பட்டன.

மூன்றாம் மாடி வாசலில் மனு வாங்குவதற்காக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். லிஃப்ட்காரரின் மனுவைப் பொறுமையாகப் படித்துவிட்டு, இருக்கை எண் எழுதவில்லையே என்றார். இருக்கை எண் இல்லாதவர் எங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? லிஃப்ட்காரர் கீழே போய் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். அந்த அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இருக்கை என்பது நான்கு கால்களும் ஒரு முதுகும் உடையது. முக்காலிக்கு ஒரு கால் குறைவு, முதுகோ அறவே இல்லை.

"இயக்குநர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். தங்கமானவர். யார் கேட்டாலும் பதில் சொல்லுவார்."

இயக்குநர் உண்மையிலேயே பதில் சொன்னார். லிஃப்ட்காரர் தான் கேட்க வந்ததை விட்டுவிட்டு, உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டதைக் கேட்டுவிட்டார். இப்போது பதினான்கு பேர் இங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்களே, அப்படியானால் கட்டடம் காலி இல்லைதானே என்று.

"நல்ல கேள்வி," என்று இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்க இதைப் பயன்படுத்தல, விக்கிறோம். ரெண்டும் வேற. கடைக்காரர் ஒரு செருப்பைக் கையில எடுத்துக் காட்டுறார்னு வைங்க. அவர் அதைப் போட்டுக்கிட்டு நடக்குறார்னு அர்த்தமா?"

இல்லை என்று லிஃப்ட்காரர் ஒப்புக்கொண்டார். கீழே பாதி தூரம் இறங்கிய பிறகுதான், தான் வீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

தச்சரிடம் போய் முக்காலிக்கு நான்காவது காலும் முதுகும் வைத்துக்கொண்டு வந்து இரண்டாவது மனுவைக் கொடுத்தார். அது லிஃப்டில் இருப்பதால் நகரும் இருக்கை என்றும், நகரும் இருக்கை எந்த மாடியின் கணக்கிலும் சேராது என்றும் பதில் வந்தது. மூன்றாவது மனுவில் தன் மனைவியைக் கணக்கில் எடுக்கும்படி கேட்டிருந்தார். மனைவி உட்கார்ந்திருப்பது நகராத இடம், தையல் மெஷின் தரையில் ஆணி அடித்து இறுக்கப்பட்டது. மொட்டை மாடி என்பது கட்டடத்தின் கூரை, கூரையில் பறவைகளும் இருப்பது வழக்கம், அவற்றை வாரியம் எண்ணுவதில்லை என்று பதில் வந்தது.

"என்னைக் காக்காங்கிறாங்க," என்றார் மனைவி, வாயில் ஊசியைக் கவ்வியபடி. "உங்களை என்னன்னு சொன்னாங்க?"

"நகரும் இருக்கைன்னு."

"நான் பரவாயில்லையே. எனக்கு உயிராவது இருக்கு."

இதற்குள் வாரியம் வளர்ந்துவிட்டிருந்தது. கட்டடம் காலியாக இருப்பதாக எழுதி எத்தனை நாளாயிற்று, இன்னமும் காலியாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே? இரண்டாம் மாடியில் வெறுமை உறுதிப் பிரிவு வந்தது. அவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்க நான்காம் மாடியில் வெறுமை மறுஆய்வுப் பிரிவு வந்தது. இரண்டு பிரிவுக்கும் கடிதம் கொடுத்து வாங்க முதல் மாடியில் ஒரு தபால் பிரிவு. ஐந்தாம் மாடியில் ஒரு பயிற்சி நிலையம். அரசு அலுவலகத்தை முறைப்படி காலி செய்வது எப்படி என்று அங்கே ஆறு வாரம் பாடம் நடந்தது. பாடம் முடித்தவர்களுக்கு அங்கேயே வேலை தரப்பட்டது. ஆறாம் மாடியில் இயக்குநருக்குத் திரைச்சீலை போட்ட அறை அமைந்தது, அவர் தலைவராகியிருந்தார். ஏழாம் மாடி விரிவாக்கத்துக்கென்று வைக்கப்பட்டது, அடுத்த மாதமே விரிந்துவிட்டது. மூன்றே மாதத்தில் முந்நூறு பேர்.

முந்நூறு பேருக்கும் வழி லிஃப்ட் ஒன்றுதான். படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. கடைசியாகக் காலி செய்த நில அளவைத் துறை சாவியைத் தன் சொத்து என்று கூடவே எடுத்துப் போயிருந்தது. சாவி கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை என்று வாரியமே அறிக்கை கொடுத்திருக்கும்போது சாவி யாருக்கு என்று நில அளவைத் துறை திருப்பிக் கேட்டிருந்தது. கேள்வி நியாயமாக இருந்ததால் வாரியம் அதற்குமேல் எழுதவில்லை.

லிஃப்டில் ஒரு தடவைக்கு ஆறு பேர்தான் போகலாம். ஒன்பது மணிக்கு வந்தவர்களில் கடைசி ஆள் தன் மேசைக்குப் போய்ச் சேரும்போது முதலில் போனவருக்கு டீ நேரம் வந்திருக்கும். ஐந்து வருடங்களாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த லிஃப்ட்காரருக்கு இப்போது நெம்புகோலைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப் போயிற்று. டம்ளர்கள் அலமாரியில் ஓயாமல் ஆடியதால் அவர் மனைவி அவற்றைத் தரையில் இறக்கி வைத்தார்.

இது போதாதென்று செவ்வாய்க்கிழமைகள். விற்பனை முடியும்வரை ஒவ்வொரு செவ்வாயும் பகல் பதினோரு மணிக்குக் கட்டடம் காலியாக இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அதற்கு வெறுமை நேரம் என்று பெயர். அந்த நேரத்தில் ஊழியர்கள் எல்லாரும் தெருவில் நிற்க வேண்டும். முந்நூறு பேரை ஆறு ஆறு பேராக இறக்க மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில் மேலே போகவேண்டியவர்கள் ஒரு வரிசையில் நின்றார்கள். மேலே போய்ச் சேர்ந்தவர்கள் இறங்குவதற்காக இன்னொரு வரிசையில் நின்றார்கள். இரண்டு வரிசையிலும் ஒரே முகங்களை லிஃப்ட்காரர் பார்த்தார். எதிர் நடைபாதையில் டீ விற்பவர் செவ்வாய்க்கு மட்டும் இரண்டாவது அடுப்பு வைத்தார்.

பதினோரு மணிக்குத் தெரு முழுக்க ஊழியர்கள் நிற்க, வெறுமை உறுதிப் பிரிவின் தலைமை எழுத்தர் மட்டும் படிவத்தோடு லிஃப்டில் ஏறுவார். லிஃப்ட்காரர் அவரை மாடி மாடியாகக் கொண்டுபோவார். அவர் ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதுவார். எழுதும்போது படிவத்தைத் தாங்கிக்கொள்ள லிஃப்ட்காரரின் முதுகைத்தான் பயன்படுத்துவார்.

நூறாவது நாளில் வாரியத் தலைவர் தரைத்தளத்தில் கூட்டம் போட்டுப் பேசினார். லிஃப்டின் கதவைத் திறந்து வைத்திருந்ததால் லிஃப்ட்காரருக்கும் கேட்டது.

"முன்பு இந்தக் கட்டடத்தில் ஏழு துறைகள் இருந்தன," என்று தலைவர் தொடங்கினார். "அவை மக்களுக்கு வேலை செய்தன. அதுதான் தவறு. வேலை செய்தால் மக்கள் வருவார்கள். வந்தால் தரை தேயும், குழாய் ஒழுகும், பெஞ்சு உடையும். நம் வாரியத்தைப் பாருங்கள். நூறு நாளில் வெளியாள் ஒருவர்கூட ஒரு வேலையாக இங்கே வந்ததில்லை. தரை பளபளவென்று இருக்கிறது. இந்தக் கட்டடம் யாருக்கும் பயன்படவில்லை என்று நிரூபிக்க முந்நூறு பேர் இரவும் பகலும் பாடுபடுகிறோம். இதைவிட ஒரு கட்டடத்தை முழுமையாகப் பயன்படுத்த முடியுமா?"

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. தன் ஆறாவது மனுவைக் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று லிஃப்ட்காரர் காத்திருந்தார். தலைவர் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கி, மறுநாளே நிராகரித்தார்.

"முந்நூறு பேரை ஏத்தி இறக்குறீங்க," என்றார் மனைவி அன்று. "அதுல ஒருத்தருக்காவது உங்க பேர் தெரியுமா?"

"லிஃப்ட்காரர்னு எல்லாருக்கும் தெரியும்."

"அது வேலை. நான் பேரைக் கேட்டேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். தெரிந்திருக்க வழியில்லை. அன்று மாலையே ஏழாவது மனுவை எழுதினார். இந்த முறை வேறெதுவும் கேட்கவில்லை. தன் முழுப்பெயரை எழுதி, அதன் கீழே, இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் மனைவியோடு வசிக்கிறேன், ஒருமுறை வந்து பார்க்கவும் என்று மட்டும் எழுதினார்.

ஆறாவது மாதத்தில் வாங்க ஆள் வந்தது. மெத்தை செய்து விற்பவர், குட்டையான மனிதர். மெத்தைகளை அடுக்கி வைக்க ஒரு பெரிய காலிக் கட்டடம் தேடிக்கொண்டிருந்தார். தலைவரே அவரை அழைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். முதல் மாடியில் கதவு திறந்ததும் மெத்தைக்காரர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்து லிஃப்ட்காரரின் காலை மிதித்துவிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தலைகள்.

"காலின்னு சொன்னீங்களே," என்றார்.

"காலிதான். இவங்கதான் அதை உறுதிப்படுத்துறவங்க."

"நான் வாங்கினதும் போயிடுவாங்களா?"

"விதிப்படி போயிடணும்," என்றார் தலைவர். பிறகு முகம் சற்று வாடியது. "ஆனா போறதுக்கு இடம் இல்ல. மத்த கட்டடத்தை எல்லாம் வித்துட்டோம். எங்கயாவது வாடகைக்குத்தான் பார்க்கணும்."

மெத்தைக்காரர் இரண்டாம் மாடி வரை விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். மூன்றாம் மாடியில், இதே கட்டடத்தை வாங்கி இவர்களுக்கே வாடகைக்கு விட்டால் என்ன என்று கேட்டார். தலைவர் அவர் கையைப் பற்றிக்கொண்டார். இத்தனை நாள் தன் முந்நூறு பேரை எங்கே கொண்டுபோவது என்று அவர் தூக்கம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார் போலும், கண் கலங்கிவிட்டது. மெத்தைக்காரருக்கு இப்போது கட்டடம் முழுக்க வாடகைக்குப் போய்விட்டபடியால், மெத்தைகளை வைக்க இடம் இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மொட்டை மாடியில் மட்டும் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைக்க வேண்டும், ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு மெத்தை, என்றார். இடம் பார்க்க இருவரும் ஏணியில் ஏறினார்கள்.

லிஃப்ட்காரர் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். மேலே கொடியில் துணிகள் படபடக்கும் ஓசை. பிறகு மெத்தைக்காரரின் குரல்.

"இது யார் துணி?"

"துணி இருக்கலாம்," என்றார் தலைவர். "ஆள் இல்ல. இருபத்தஞ்சு செவ்வாய்க்கிழமைக்குச் சான்று இருக்கு, காட்டட்டுமா?"

"சான்று வேண்டாம் சார். பலகைக்குக் கம்பி நடணும், இந்த ரூம் போகணும். இங்க இருக்கிறவங்களைக் காலி பண்ணிக் குடுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

வாரியம் அன்று முழுவதும் இதே கவலையாக இருந்தது. ஆளை வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இல்லாத ஆளுக்கு நோட்டீஸ் கொடுக்க விதி இல்லை. ஆள் இருக்கிறார் என்றால் இருபத்தைந்து சான்றுகளும் தப்பு. கடைசியில் யாரோ ஒருவருக்கு ஏழாவது மனு நினைவுக்கு வந்தது. சான்றெல்லாம் வாரியம் கொடுத்தது, அது சரி. ஆனால் ஆள் தானாகவே வந்து, நான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது அவருடைய பொறுப்பு. மனு ஒரே மணி நேரத்தில் ஏற்கப்பட்டது. வாரியத்தின் வரலாற்றில் ஏற்கப்பட்ட முதல் மனு அதுதான் என்று தலைவர் பெருமைப்பட்டார்.

மாலை லிஃப்டில் இறங்கும்போது மனு வாங்கும் அம்மாள் மற்றவர்கள் இறங்கும்வரை காத்திருந்து லிஃப்ட்காரரிடம் சொன்னார். உங்கள் மனுவை ஏற்றுவிட்டார்கள். மனுதாரர் மேற்படி முகவரியில் இருப்பது உறுதியாகிறது என்று எழுதியாயிற்று. அதே தாளின் கீழ்ப்பாதியில், அனுமதி இல்லாமல் இருப்பதால் ஏழு நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

"நாளைக்கு பியூன் கொண்டுவருவார். கையில வாங்கிட்டீங்கன்னா ஏழு நாள்தான். அந்தப் பேர்ல யாரும் இல்லன்னு திரும்பிப் போச்சுன்னா ஃபைலை மூடிடுவோம். மூடின ஃபைலைத் திறக்க விதி இல்ல. யாரையும் காலி பண்ணவும் முடியாது." அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உங்க பேர்ல மறுபடி மனு வாங்கவும் முடியாது. அதையும் யோசிச்சுக்கோங்க."

லிஃப்ட்காரர் மேலே போய் இதை மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். முதல் பாதியைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மினுக்கம் இருந்ததை மனைவி கவனித்தார்.

"இருப்பது உறுதியாகிறதுன்னு எழுதியிருக்காங்களாம்," என்றார் இரண்டாவது முறையாக.

"கீழ என்ன எழுதியிருக்குன்னும் சொன்னீங்களே."

"அரசாங்க முத்திரையோட. என் பேருக்குப் பக்கத்துல."

"ஏங்க, அந்தத் தாளை வாங்கி மடியில வச்சுக்கிட்டு எந்தத் தெருவுல உட்காரப் போறோம்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "நாம இருக்கோம்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாம இருக்கிறவரைக்கும்தான் இந்த வீடு."

லிஃப்ட்காரர் கொடியிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தார். ஏழு மனுக்களை எழுதியவர் அவர். ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தவர்.

மறுநாள் பத்தரை மணிக்கு பியூன் வந்தார். ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது இந்த லிஃப்டில் ஏறி இறங்குகிற மனிதர். உள்ளே நுழைந்து, ஏழாம் மாடி, அதுக்கும் மேல போகணும், என்றார்.

"என்ன விசேஷம்?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"மொட்டை மாடியில எவனோ சொல்லாம கொள்ளாம குடியிருக்கானாம். இத்தனை நாளா. என்ன தைரியம் பாருங்க."

"அப்படியா," என்றார் லிஃப்ட்காரர். நெம்புகோலைத் தள்ளினார். அன்றைக்கென்று லிஃப்ட் எந்த மாடியிலும் நிற்காமல் போயிற்று.

ஏழாம் மாடியில் பியூன் ஏணியில் ஏறினார். லிஃப்ட்காரர் கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு அவர் பின்னாலேயே ஏறினார். அறை வாசலில் மனைவி தைத்துக்கொண்டிருந்தார். மடியில் நீல நிறத்தில் ஏதோ துணி. பியூன் வணக்கம் சொல்லி, இங்கே குடியிருப்பவர் யார் என்று கேட்டார்.

"இங்க யாரும் இல்லையே."

"நீங்க இருக்கீங்களே அம்மா."

"நான் தைக்க வந்தவ. வெளிச்சத்துக்காக உட்கார்ந்திருக்கேன். உங்க சட்டைக்கு பட்டன் போட்டு வச்சிருக்கேன், போகும்போது எடுத்துக்கோங்க."

பட்டன் போட்டு வாங்கித் தரச் சொல்லி லிஃப்ட்காரரிடம் போன வாரம் கொடுத்திருந்த நீலச் சட்டையைப் பியூன் அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. படிவத்தை எடுத்துப் பார்த்தார். பெயர் குறிப்பிட்ட ஆளைப் பற்றித்தான் அதில் கேட்டிருந்தது, தைப்பவரைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் விசாரித்ததாக இரண்டு பேரை எழுத வேண்டும். அவர் திரும்பி லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"நீங்கதான் இந்தக் கட்டடத்துல எல்லாரையும் பார்க்கிறவர். இந்தப் பேர்ல இங்க யாராவது இருக்காங்களா?"

தாளை நீட்டினார். லிஃப்ட்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், ஆனால் வாங்கவில்லை. வாங்கினால் பெற்றுக்கொண்டதாக ஆகிவிடும். எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தாளின் நட்டநடுவில் அவர் பெயர் கறுப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. ஒரு பிழை இல்லை. பக்கத்தில் ஊதா முத்திரை இன்னும் ஈரம் காயாமல் மின்னியது. அதற்கு நேர் கீழே, இருப்பது உறுதியாகிறது.

தையல் மெஷின் நின்றுவிட்டது. மனைவி தலையை நிமிர்த்தவில்லை. ஊசியின் மேல் வைத்த விரல் அப்படியே இருந்தது.

"கண்ணாடி இல்ல," என்றார் லிஃப்ட்காரர். "கொஞ்சம் வாசிங்களேன்."

பியூன் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தார். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல, அப்பா பெயரைச் சொல்லி, சற்று நிறுத்தி, பிறகு அவர் பெயரைச் சொன்னார். அரசாங்கத்தின் வாயால் அது எப்படி ஒலிக்கும் என்று லிஃப்ட்காரர் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறார். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

"இன்னொரு தடவை. முழுசா."

பியூன் பொறுமையாக மறுபடியும் வாசித்தார். கடைசி எழுத்து முடியும்வரை லிஃப்ட்காரர் காத்திருந்தார்.

"இல்லைங்க," என்றார். "அப்படி இங்க யாரும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

பியூன் தாளை லிஃப்ட்காரரின் முதுகில் வைத்து, விசாரித்ததில் அப்படி ஒருவர் இல்லை என்று எழுதி, தேதி போட்டு, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையை வாங்கிக்கொண்டு, அழுத்திப் பார்த்து, பட்டன் உறுதியாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார்.

பிறகு லிஃப்ட்காரரின் தோளைத் தட்டினார்.

"நல்ல பேரு, பாவம். வாங்க, என்னைக் கீழ கொண்டுபோய் விடுங்க."